ஸ்கார்பியோ-என்: "நம்மவர்களே வடிவமைத்தது" என்பதை எப்படி எடைபோடுவது?

வந்த கேள்வியின் சாரம் இது: "வேளச்சேரியில் வீடு, நாமக்கல் பக்கம் சொந்த ஊர், கொல்லிமலையில் குலதெய்வம். அம்மா, அப்பா, நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள் என ஆறு பேர். ஸ்கார்பியோ-என் பார்த்து வைத்திருக்கிறோம். முழுக்க இந்தியாவிலேயே வடிவமைத்த எஸ்யூவி என்று ஷோரூமில் சொல்கிறார்கள். அது உண்மையா? அதனால் எனக்கு என்ன லாபம்? வாங்கலாமா?"

உண்மையா என்றால், பெருமளவு உண்மை. லாபமும் உண்டு, ஆனால் ஷோரூமில் காட்டுகிற இடத்தில் இல்லை. வாங்கலாமா என்பதற்கு மட்டும் சட்டென்று "தாராளமாக" என்று எழுதக் கை வரவில்லை. காரணம் உங்கள் ஆறு பேரும், அவர்களோடு ஏறப்போகும் பைகளும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே வைக்கும் ரப்பர் புஷ், மவுண்டிங் செய்யும் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. எல்லோரும் வண்டியின் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். நான் குனிந்து அடியைப் பார்ப்பேன். அந்தக் கோணல் என் பதிலிலும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இந்தியாவில் வடிவமைத்தது" என்ற பேச்சுக்குள் பல அடுக்குகள் உண்டு. மேல் தோற்றம் யாருடையது, சேஸ் யாருடையது, இன்ஜின் யாருடையது, கியர்பாக்ஸ் யாருடையது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். டாடா ஹாரியரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரியில் வந்த வண்டி. அடித்தளம் லேண்ட் ரோவரின் டி8-இலிருந்து பிறந்தது. இரண்டு லிட்டர் டீசல் இன்ஜின் ஃபியட்டின் மல்டிஜெட். தோற்றமும், நம் சாலைக்கேற்ற மாற்றங்களும் டாடாவின் வேலை. இதில் குறை ஒன்றுமில்லை. உலகத்தில் பாதிக் கம்பெனிகள் இப்படித்தான் செய்கின்றன. ஆனால் ஒருவர் போட்ட அஸ்திவாரத்தின் மேல் வீடு கட்டுவது ஒரு வேலை, மனையைப் பார்த்து அஸ்திவாரத்திலிருந்து எழுப்புவது வேறு வேலை.

ஸ்கார்பியோ இரண்டாவது வகை. 2002 ஜூனில் முதல் ஸ்கார்பியோ வந்தபோது, மகிந்திரா என்றாலே 1940-களில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பைப் பூட்டிக் கொடுக்கத் தொடங்கிய கம்பெனி என்ற நினைப்புதான் ஊரில் இருந்தது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் 14 வருஷம் இருந்துவிட்டு 1993-இல் மகிந்திராவுக்கு வந்த பவன் கோயங்கா தலைமையில், 550 முதல் 600 கோடி ரூபாய் செலவில் அதை உருவாக்கியதாக அப்போது பேச்சு. புதிதாக ஒரு வண்டியை வரைந்து, அச்சு வெட்டி, ஆலை ஓட்டுவதற்கு வெளிநாட்டுக் கம்பெனிகள் போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை. எப்படி முடிந்தது என்றால், சீட், டாஷ்போர்டு போன்ற பெரிய உறுப்புகளின் வடிவமைப்பையே பாகம் செய்பவர்களிடம் ஒப்படைத்தார்கள். "இந்த டிராயிங்கில் இருப்பதைச் செய்து கொடு" என்ற பழைய வழக்கம் போய், "இவ்வளவு இடம், இவ்வளவு எடை, இத்தனை லட்சம் தடவை அமுக்கினாலும் கிழியக் கூடாது, எப்படிச் செய்வாய் என்று நீயே சொல்" என்ற வழக்கம் வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் ஒரு தலைமுறை வித்தியாசம்.

2022 ஜூன் 27-இல் வந்த ஸ்கார்பியோ-என், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் புதிதாக வரைந்த வண்டி. பொறியியல் வேலையின் பெரும்பகுதி செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் ரிசர்ச் வேலி என்ற அவர்களுடைய ஆராய்ச்சி மையத்தில் நடந்தது. செய்யாறு பக்கத்தில் 450 ஏக்கருக்கு மேல் அவர்களுக்குச் சொந்தச் சோதனைத் தடம் இருக்கிறது. 2.2 லிட்டர் எம்-ஹாக் டீசல், ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தின் துணையோடு மகிந்திராவே உருவாக்கிய இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஜப்பானின் ஐசின். அதனால்தான் "பெருமளவு உண்மை" என்றேன். ஸ்க்ரூ முதல் சிப் வரை ஒரே நாட்டில் செய்த கார் உலகத்தில் எங்கும் கிடையாது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

சரி, லாபம் எங்கே? பெருமையை நான் லாபக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெருமைக்கு மாதத் தவணை கட்ட முடியாது. லாபம் இதுதான்: வரைபடம் யார் கையில் இருக்கிறதோ, அவரால் நினைத்த நேரத்தில் அதைத் திருத்த முடியும்.

இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். 2013 மத்திய பட்ஜெட்டில் எஸ்யூவிகளுக்குக் கலால் வரி 27-இலிருந்து 30 சதவீதமாக ஏறியது. எது எஸ்யூவி என்பதற்குத் தரையிலிருந்து 170 மில்லிமீட்டர் இடைவெளியும் ஓர் அளவுகோல். மகிந்திரா உடனே எக்ஸ்யூவி 500-இன் இடைவெளியை 170-க்குக் கீழே கொண்டுவந்து வரிக் கோட்டுக்கு வெளியே போய் நின்றது. அது நல்ல காரியமா என்றால், நம் வேகத்தடைகளை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஆனால் வேறு நாட்டுத் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கும் கம்பெனியால் இதை அந்த வேகத்தில் செய்திருக்க முடியாது.

இரண்டாவது இன்னும் பெரியது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லி தலைநகர் வட்டாரத்தில் 2000 சிசிக்கு மேற்பட்ட டீசல் கார்களைப் பதிவு செய்யத் தடை போட்டது. ஸ்கார்பியோவிலும் எக்ஸ்யூவி 500-இலும் இருந்தது 2.2 லிட்டர் இன்ஜின். அடுத்த மாதமே, 2016 ஜனவரியில், 1.99 லிட்டர் எம்-ஹாக்கோடு இரண்டு வண்டிகளும் வந்து நின்றன. குதிரைத்திறன் குறையவில்லை. இன்ஜின் சொந்தம் என்பதால் கொள்ளளவைக் குறைத்து, சக்தி இறங்காமல் ட்யூன் செய்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அந்தத் தடை 2016 ஆகஸ்டில் விலகியது.

இதன் மறுபக்கமும் உண்டு. வரைந்தது நீ என்றால் சாக்குச் சொல்லவும் உனக்கு இடமில்லை. இறக்குமதி வடிவத்தில் ஒரு குறை இருந்தால் "ஐரோப்பாவில் இப்படித்தான்" என்று தப்பிக்கலாம். இங்கே ஒவ்வொரு குறையும், நம் சாலையை, நம் குடும்பத்தை, நம் பையின் பருமனைத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு. ஆகவே உள்நாட்டு வண்டியை எடைபோடும்போது நான் கேட்கும் கேள்வி, எதற்காக எதை விட்டுக்கொடுத்தார்கள், அந்தப் பேரம் என் வீட்டுக்குக் கட்டுப்படியாகுமா என்பதுதான்.

பாதுகாப்பில் அந்தப் பேரம் மாறியதைக் கண்ணால் பார்க்கலாம். 2016 மே மாதம் குளோபல் என்கேப் மோதிப் பார்த்த, ஏர்பேக் இல்லாத ஸ்கார்பியோவுக்குப் பூஜ்ஜிய நட்சத்திரம். 2022 டிசம்பரில் ஸ்கார்பியோ-என்னுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் 34-க்கு 29.25 மதிப்பெண், ஐந்து நட்சத்திரம். அதே பெயர், அதே கம்பெனி. இடையில் மாறியது திறமை இல்லை, எதற்குக் காசு செலவழிப்பது என்ற தீர்மானம். குழந்தைகள் பாதுகாப்பில் மட்டும் 49-க்கு ஏறத்தாழ 29, மூன்று நட்சத்திரம். உங்களுக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதால் இந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் முதலில் படிப்பேன். ஷோரூமில் பின் சீட்டுகள் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, தோளுக்குக் குறுக்கே வரும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, வெறும் இடுப்புப் பட்டையா என்று இழுத்துப் பாருங்கள். ஏர்பேக் எண்ணிக்கை வேரியண்டுக்கு வேரியண்ட் மாறும். விற்பவர் சொல்லும் ஐந்து நட்சத்திரத்தை நீங்கள் வாங்கும் வேரியண்டின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

இனி அடிப்பக்கம். எனக்குப் பிடித்த இடம்.

ஸ்கார்பியோ-என் ஏணி சேஸ் வண்டி. லாரிக்கு இருப்பதுபோல நீளவாக்கில் இரண்டு இரும்புத் தண்டுகள், குறுக்கே படிகள். அதன் மேல் தனியாக ஒரு கூடு. கூட்டையும் ஏணியையும் நேரடியாகப் பூட்டினால் சாலையின் அதிர்வு முழுதும் பல்லில் தெரியும். அதனால் இடையில் ரப்பர் மெத்தைகள் வைப்பார்கள், பாடி மவுண்ட் என்போம். கைக்குள் அடங்கும் பொருள். கன்னியாகுமரிப் பக்கத்துத் தோட்டத்து ரப்பரில் கார்பன் கரி, கந்தகம் சேர்த்து அச்சில் வேகவைத்து எடுப்பது. அதன் கடினத்தில் கொஞ்சம் கூட்டினால் வண்டி "கிண்" என்று நிற்கும், ஆனால் இடுப்பு வலிக்கும். கொஞ்சம் குறைத்தால் மெத்தைபோல இருக்கும், ஆனால் வளைவில் மேல்கூடு ஏணிக்கு அரை நொடி பின்னால் வரும். பழைய ஸ்கார்பியோவில் போனவர்களுக்கு அந்த ஆட்டம் நன்றாகத் தெரியும். பின்னால் உட்கார்ந்த பிள்ளைகள் வாந்தி எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். என்-னில் அந்த ஆட்டம் எவ்வளவோ அடங்கியிருக்கிறது. முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஏணியின் மேல் உயரமான கூடு. ஏறத்தாழ இரண்டு டன் எடை. இயற்பியலை எந்த மெத்தையும் ரத்து செய்யாது.

பின் அச்சில்தான் நிஜமான வேலை நடந்திருக்கிறது. அங்கே காயில் ஸ்பிரிங், கூடவே வாட்ஸ் லிங்கேஜ். இதைப் புரிந்துகொள்ள முதலில் பழைய முறையைப் பாருங்கள். பின் அச்சு மேலும் கீழும் ஏறி இறங்க வேண்டும், ஆனால் இடவலமாக நகரக் கூடாது. அதற்காக அச்சின் ஒரு முனையிலிருந்து சேஸின் மறுபக்கத்துக்கு ஒரே ஒரு நீளத் தண்டைக் கொடுப்பார்கள், பான்ஹார்டு ராடு. ஒரு முனை கட்டப்பட்ட தண்டின் மறுமுனை நேர்கோட்டில் ஏறாது, கதவின் விளிம்பு போல வட்டமாகத்தான் வரும். ஆகவே பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அச்சு கொஞ்சம் பக்கவாட்டிலும் நகரும். நேர்சாலையில் தெரியாது. வளைவில், வேகத்தில், பள்ளமும் சேர்ந்தால் பின்பக்கம் ஓர் எட்டுத் தள்ளி வைத்ததுபோல இருக்கும். வாட்ஸ் லிங்கேஜில் தண்டு இரண்டு. ஒன்று இடப்பக்கத்திலிருந்து, ஒன்று வலப்பக்கத்திலிருந்து வரும். நடுவில் சுழலும் ஒரு சின்னக் கட்டையில் மேலும் கீழுமாகச் சேரும். அச்சு ஏறும்போது ஒரு தண்டு இந்தப் பக்கம் இழுக்க, மற்றது அந்தப் பக்கம் இழுக்க, நடுக்கட்டை கொஞ்சம் சுழன்று இரண்டையும் சரிக்கட்டிவிடும். அச்சு நேராக ஏறி நேராக இறங்கும். நீராவி இன்ஜினுக்காக ஜேம்ஸ் வாட் 1784-இல் கண்ட யோசனை. அதைச் செங்கல்பட்டில் ஒருவர் எடுத்து இந்த விலை வண்டியில் வைத்திருக்கிறார் என்பது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி. அதன் விலை என்னவென்றால், இணைப்புகள் கூடுகின்றன. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு புஷ், ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஒரு ஆயுள். லட்சம் கிலோமீட்டர் கடந்த பழைய ஸ்கார்பியோ-என் வாங்குபவர்கள், வண்டியை லிஃப்டில் ஏற்றி, கடப்பாரையால் அந்த நடுக்கட்டையை நெம்பிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

ஷாக் அப்சார்பரிலும் ஒரு நுணுக்கம் வைத்திருக்கிறார்கள். சின்னச் சின்ன வேகமான அதிர்வு வந்தால் எண்ணெய்க்கு இன்னொரு வழி திறந்து இளகும். பெரிய, மெதுவான அசைவு வந்தால் இறுகும். அதனால் கரடுமுரடான தார் ரோட்டில் 60-இல் போகும்போது நன்றாக இருக்கிறது. ஆனால் ஏழு பேர் எடையைத் தாங்கப் போட்ட ஸ்பிரிங், ஓட்டுநர் ஒருவரோடு போகும்போது கொஞ்சம் தூக்கிப் போடத்தான் செய்யும்.

இதனால்தான் ஷோரூம் டெஸ்ட் டிரைவை நான் நம்புவதில்லை. ஒரு தடவை உறவினர் ஒருவருக்காக வேறொரு வண்டி பார்க்கப் போயிருந்தேன். எந்த ஷோரூம் என்பது வேண்டாம். புதுத் தார் போட்ட சர்வீஸ் ரோட்டில் முந்நூறு மீட்டர் போய்த் திரும்பு என்றார் விற்பனைப் பையன். "தம்பி, அந்த ரயில்வே கேட் வரைக்கும் போகலாமா?" என்றேன். "அங்க ரோடு சரியில்ல சார்" என்றார். "அதுக்குத்தானப்பா கேக்குறேன்" என்றேன். கடைசிவரை விடவில்லை, நாங்களும் வாங்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஆறு பேரும் போங்கள். ஆறு பேரும் ஏறுங்கள். நீங்கள் ஓட்ட வேண்டாம். வீட்டில் வேறு யாராவது ஓட்டட்டும், நீங்கள் மூன்றாம் வரிசையில் உட்காருங்கள். வேளச்சேரியில் நல்ல குண்டும் குழியுமான தெருவுக்குப் பஞ்சமில்லை. 20-இல் ஒரு வேகத்தடை, 40-இல் ஒரு ஒட்டுப்போட்ட ரோடு, பிறகு மேம்பாலத்தின் இணைப்பு இரும்புகள். தலை கூரையில் தொடுகிறதா, முழங்கால் தாடையைப் பார்க்கிறதா, மதியம் இரண்டு மணி வெயிலில் ஏசிக் காற்று அங்கே வந்து சேர எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பாருங்கள். ஏசி, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் சத்தம் மட்டும் கேளுங்கள். "கட கட" என்றால் பிளாஸ்டிக், பெரிதில்லை. "டொக்" என்று ஒற்றையாக வந்தால் அடியில், விடாதீர்கள், கேளுங்கள்.

கொல்லிமலைக்கு வருகிறேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். இதற்கு நான்கு சக்கர இயக்கம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். தார் போட்ட மலை ரோடுக்குப் பின்சக்கர இயக்கம் போதும். 4x4 டீசலில் மட்டும்தான் வருகிறது, அந்தப் பணம் மிச்சம். ஏறுவதற்குப் புல்லிங் பிரச்சினையே இல்லை. உயர் வேரியண்ட் டீசல் 175 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக்கில் 400 நியூட்டன் மீட்டர் முறுக்கு. கீழ் வேரியண்டில் 132 குதிரைத்திறன், 300 நியூட்டன் மீட்டர். ஆறு பேரோடு ஏறும், முந்திச் செல்ல மட்டும் யோசிக்க வைக்கும். கவனிக்க வேண்டியது இறக்கம். இரண்டு டன் வண்டியை 70 வளைவுகளிலும் பிரேக்காலேயே பிடித்துக்கொண்டு இறங்கினால் அடிவாரத்தில் பிரேக் தீய்ந்த வாசனை வரும், எந்த நாட்டு வண்டியானாலும் சரி. ஆட்டோமேட்டிக் என்றாலும் மேனுவல் மோடில் இரண்டாம் கியரைப் பூட்டிவிட்டு இறங்குங்கள்.

டீசலா பெட்ரோலா? வேளச்சேரியிலிருந்து தினமும் நாலு கிலோமீட்டர் பள்ளிக்கும் நாலு கிலோமீட்டர் ஆபீஸுக்கும் இதே வண்டி என்றால் டீசல் வேண்டாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அது சூடேறி, பிடித்த கரியைத் தானே எரித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஒரே சீராக ஓட வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போனால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். மாதம் ஒரு தடவை நாமக்கல் போவது அதற்கு மருந்துதான், ஆனால் மாதம் முழுதும் தாங்குமா என்பது உங்கள் தினசரி ஓட்டத்தைப் பொறுத்தது. 2 லிட்டர் டர்போ பெட்ரோல் 203 குதிரைத்திறன், ஓட்ட இனிமை, குடிப்பதும் அப்படியே. வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டருக்கு மேல் வெளியூர் ஓட்டம் இருந்தால் டீசல் என்பது என் கணக்கு. டீசல் என்றால், புகையைச் சுத்தப்படுத்த யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டிய வண்டியா என்று விற்பவரிடம் கேளுங்கள்; எவ்வளவுக்கு ஒருமுறை என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வேளச்சேரி என்றதும் தண்ணீர் ஞாபகம் வராமல் இருக்காது. 2015-லும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அங்கே என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். உயரமான வண்டி என்ற தைரியத்தில் தண்ணீரில் இறக்கி, காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் இழுத்து இன்ஜின் இறுகினால் சாதாரண காப்பீட்டில் அது வராது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேர்த்துக் கொள்ளுங்கள். அதைவிட, தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

விலையைப் பற்றிச் சுருக்கமாக. 2022-இல் 11.99 லட்சம் என்ற அறிமுக விலையில் தொடங்கியது, இப்போது அது பழங்கதை. வரியில் ஒரு நல்ல செய்தி: நாலு மீட்டருக்கு மேல் நீளம், 1500 சிசிக்கு மேல் இன்ஜின், 170 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள எஸ்யூவிகளுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். தமிழ்நாட்டுச் சாலை வரி 2023 நவம்பரிலிருந்து 10 லட்சம் முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20-க்கு மேல் 20 சதவீதம். 18 லட்சம் வண்டிக்கு 3.24 லட்சம் வரி, 20.5 லட்சம் வண்டிக்கு 4.10 லட்சம். அதாவது இரண்டரை லட்சம் கூடுதல் விலைக்கு மேல் வரியில் மட்டும் இன்னொரு 86,000. மேல் வேரியண்டின் சன்ரூஃபுக்கு ஆசைப்படும்போது இந்தக் கோட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில், உங்கள் ஆறு பேர். இந்த வண்டியின் பெரிய விட்டுக்கொடுப்பு இங்கேதான் இருக்கிறது. நீளம் 4662 மில்லிமீட்டர், அகலம் 1917. வெளியே இவ்வளவு பெரிய உடம்பு இருந்தும், மூன்றாம் வரிசையை நிமிர்த்தி வைத்தால் பின்னால் பை வைக்க இடம் ஏறக்குறைய இல்லை. முன்னால் நீண்ட முகம், அடியில் ஏணி, அதன் மேல் தரை, எல்லாம் போக மிஞ்சியதுதான் பின்பக்கம். ஆறு பேர் ஊருக்குப் போகிறீர்கள், திரும்பும்போது அரிசி மூட்டையும் தேங்காயும் வரும் என்று வையுங்கள். மேலே கேரியர் போட வேண்டும். ஏற்கனவே உயரமான வண்டியின் தலையில் இன்னும் பாரம் ஏறும், அதுவும் 70 வளைவுகளில். எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை. ஆறு பேரும் சேர்ந்து போவது வருஷத்துக்கு நாலு தடவைதான், மற்ற நாளெல்லாம் நாலு பேர், ஊரிலும் வயலுக்குப் போகும் மண் ரோடு இருக்கிறது என்றால், இதைவிடப் பொருத்தமான வண்டி இந்த விலையில் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் வரிசையை மடித்து வையுங்கள். மாதாமாதம் ஆறு பேரும் பைகளோடு போவதுதான் வழக்கம் என்றால், ஏணி இல்லாத, தரை தாழ்ந்த, நீளமான எம்பிவி, அதாவது பலர் போகும் குடும்ப வண்டி ஒன்றைப் பாருங்கள், அதன் முகம் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சரி.

முடிவு செய்யுமுன் இரண்டு அளவு எடுங்கள். ஒன்று, உங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்தம். தூணுக்குத் தூண் இரண்டரை மீட்டர் என்றால் இருபக்கமும் சேர்த்தே 58 சென்டிமீட்டர்தான் மிச்சம். பின்கதவும் மேலே தூக்குவது இல்லை, பக்கவாட்டில் திறப்பது, அதற்குப் பின்னால் இடம் வேண்டும். இன்னொன்று, அம்மாவின் முழங்கால். ஷோரூமில் அவரை ஒருமுறை ஏறி இறங்கச் சொன்னால் மரியாதைக்கு "நல்லாத்தான்பா இருக்கு" என்பார். நாலு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள், நாலாவது தடவை கை எதைப் பிடிக்கத் தேடுகிறது என்று பாருங்கள்.